அம்மா கறுப்பு டேப் ஒட்டிய ஆரஞ்சு விளக்கு

சென்ற ஆண்டு டிசம்பரில் தாத்தாவின் முதலாம் ஆண்டுத் திதி வந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட நல்ல படம் ஒன்று வேண்டும் என்றார் அம்மா. தாத்தாவின் நல்ல படங்கள் எல்லாம் ஓரிடத்தில்தான் இருந்தன: வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டியில்.

அதை 2012ல் அப்பா வாங்கினார். அப்போது நான் தொடக்கநிலை ஒன்றில் இருந்தேன். இரண்டு வன்தட்டுகளைச் செருகி, வீட்டு ரௌட்டரோடு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளும் அதில் கோப்புகளைச் சேமிக்கலாம், எடுக்கலாம். இத்தகைய பெட்டிகளை ‘நாஸ்’ என்பார்கள். மாதக் கட்டணம் கட்டும் மேகச் சேமிப்புக்குப் பதிலாக வீட்டிலேயே ஒரு சிறு மேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் புதிய மடிக்கணினியில் பெட்டியின் முகவரியைத் தட்டினேன். திறக்கவில்லை. அந்தப் பெட்டி ‘எஸ்எம்பி 1’ என்ற காலாவதியான முறையில் பேசுகிறது, அது பாதுகாப்பற்றது, எனவே இணைக்க முடியாது என்று விண்டோஸ் கைவிரித்துவிட்டது.

“பழைய லேப்டாப்புல தெரிஞ்சதே, இதுல ஏன் தெரியல?” என்று கேட்டார் அப்பா. பழைய மடிக்கணினி ஜூன் மாதமே பழுதாகி, மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விட்டது.

பேச்சு மாறிய கதை

கணினிகள் கட்டமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மொழிதான் எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. அதன் ஒவ்வொரு பதிப்பையும் தொழில்நுட்ப ஆவணங்களில் ‘வட்டார வழக்கு’ என்ற பொருள்படும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். விண்டோஸ் விஸ்டா காலத்தில் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முதல் பதிப்பு பல ஆண்டுகள் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது.

2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்ற பிணை நிரல் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. விண்டோசில் எஸ்எம்பி 1 கையாளப்பட்ட விதத்தில் இருந்த ஓட்டைதான் அதற்கு வழிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகளில் எஸ்எம்பி 1 இடம்பெறுவதில்லை.

எங்கள் பெட்டிக்குள் இருப்பது லினக்ஸ். கோப்புப் பகிர்வுக்கு ‘சாம்பா’ என்ற பொது மூலநிரல். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கேன்பராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிஜெல் எழுதத் தொடங்கிய நிரல் அது. 2011ல் வெளிவந்த சாம்பா 3.6 பதிப்பில் எஸ்எம்பி 2க்கு முழு ஆதரவு வந்துவிட்டது. 2012ல் அப்பா காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் அதற்கும் முந்திய பதிப்பு. தயாரித்த நிறுவனம் கடைசியாக 2015ல் ஒரு மேம்பாடு வெளியிட்டது. அதிலும் சாம்பா மாறவில்லை. அதன்பின் ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இப்போது இருப்பது ஒரே வரி: இந்தச் சாதனத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது, எங்கள் புதிய சாதனங்களைப் பாருங்கள்.

சாதனத்தின் நினைவகச் சில்லில் எழுதப்பட்டு, அதை இயக்கும் மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறோம். எங்கள் பெட்டியின் மின்சுற்றில் குறையே இல்லை. அதன் ஃபர்ம்வேர்தான் 2015லேயே நின்றுவிட்டது.

ஐந்து நிமிடத் தீர்வு ஒன்று இருந்தது. விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய் எஸ்எம்பி 1ஐ மீண்டும் முடுக்கிவிடலாம். கேட்டால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். நான் செய்யவில்லை. நாள்தோறும் வளாக வைஃபையில் ஆயிரக்கணக்கானோரோடு இணையும் மடிக்கணினி அது. பழைய பெட்டி ஒன்றுக்காகப் புதிய கணினியின் பூட்டைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டேப்புக்கு அடியில்

பெட்டிக்கென ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு. உலாவியில் திறந்து பார்க்கலாம். அங்கே போனபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டாவது வன்தட்டு செயலிழந்திருந்தது. பதிவேட்டில் இருந்த தேதி 2023 அக்டோபர். ஓராண்டுக்கும் மேலாக யாருக்கும் தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது பெட்டி.

இரண்டு வன்தட்டுகளிலும் ஒரே தரவை எழுதிவைக்கும் முறையில் அப்பா அதை அமைத்திருந்தார். ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் ஒன்று போய்விட்டது என்று யாராவது சொன்னால்தானே மாற்றுவோம்? மின்னஞ்சல் எச்சரிக்கையையும் அப்பா அமைத்துத்தான் இருந்தார். வெறும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஜிமெயில் வழியாக அனுப்பும் பழைய முறை அது. பாதுகாப்புக் குறைந்த அந்த முறையைக் கூகல் 2022 மே 30ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பெட்டிக்குப் புதிய முறை தெரியாது, கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை. அது அனுப்ப முயன்று தோற்ற எச்சரிக்கைகள் பதிவேட்டில் வரிசையாகக் கிடந்தன.

விளக்கு? வன்தட்டு பழுதானால் முன்பக்கம் ஆரஞ்சு விளக்கு மின்னும் என்று கையேட்டில் இருக்கிறது. மின்னியிருக்கிறது. நாடகம் பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது என்று அம்மா அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார்.

மீதமிருந்த வன்தட்டு ஓடிய நேரம் 100,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அதிலும் சில பகுதிகள் கெட்டுப்போய், மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்டிருந்தன. தாத்தாவின் படங்களோடு, 2014ல் மாமா எடுத்த நான்கு காணொளிகளும் அதில்தான் இருந்தன. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி, சிங்கப்பூரில் வந்து இறங்கிய கதையைத் தாத்தா தம் வாயால் சொல்லும் காணொளிகள். வேறெங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை.

அன்றிரவே ரௌட்டரின் அமைப்புகளையும் பார்த்தேன். அங்கு இன்னொரு அதிர்ச்சி. வீட்டுக்குள் இருக்கும் சாதனம், யாரையும் கேட்காமல் ரௌட்டரில் தனக்கொரு கதவைத் திறந்துகொள்ள ‘யுபிஎன்பி’ என்ற வசதி இடம்கொடுக்கிறது. பினாங்கில் உள்ள அத்தைக்குப் படங்களைக் காட்டுவதற்காக 2012ல் அப்பா ‘தொலைவிலிருந்து அணுகல்’ என்பதை இயக்கியிருக்கிறார். அன்று திறந்த கதவு மூடப்படவே இல்லை. வீட்டு ரௌட்டரை மாற்றியபோதும், புதிய ரௌட்டரிடம் கேட்டுப் பெட்டி மறுபடியும் திறந்துகொண்டது. எங்கள் பெட்டியின் நிர்வாகப் பக்கம் இத்தனை ஆண்டுகளாக உலகத்துக்கே தெரிந்துகொண்டிருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளை வைத்திருந்த பலர், காலையில் எழுந்து பார்த்தபோது பல ஆண்டுத் தரவு துடைக்கப்பட்டிருந்தது. இணையம் வழியாக யாரோ அவற்றைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டார்கள். மீட்டமைக்கும் முன் கடவுச்சொல் கேட்கும் வரிகள் நிரலில் எழுதப்பட்டிருந்தன. ஆனால் அவை செயல்படாதபடி குறிப்பு வரிகளாக மாற்றப்பட்டிருந்தன! அந்தப் பெட்டிகளுக்கும் கடைசி மேம்பாடு வந்தது 2015ல்தான். 2024 ஏப்ரலில், டி-லிங்கின் பழைய நாஸ் பெட்டிகள் சிலவற்றில் கடவுச்சொல்லே இல்லாத பயனர் கணக்கு ஒன்று ஃபர்ம்வேரிலேயே புதைந்திருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தில் 92,000க்கும் மேற்பட்ட சாதனங்கள் திறந்து கிடந்ததாக அதைக் கண்டறிந்தவர் தெரிவித்தார். ஆதரவுக்காலம் முடிந்தவை என்பதால் அவற்றை மாற்றிவிடும்படி நிறுவனம் ஆலோசனை கூறியது.

ரௌட்டரில் யுபிஎன்பியை அணைத்தேன். பெட்டி வெளியுலகத்தோடு பேசவே கூடாது என்று ஒரு தடையும் போட்டேன். இரண்டுக்கும் சேர்த்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் இதை மட்டும் செய்துவிட்டு வந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. இடையே ஓர் எச்சரிக்கை: எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சோதிப்பதை உங்கள் வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் கட்டமைப்புக்குள் அனுமதியின்றி நுழைவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம்.

நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஃபர்ம்வேரை மாற்றும் ஆசை அப்போதே வந்துவிட்டது. ஆனால் முதலில் தரவை வெளியே எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் பலர் அழுதிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பொறுமையாக இருந்ததற்கு இன்றும் என்னையே பாராட்டிக்கொள்கிறேன்.

மடிக்கணினி பேச மறுக்கும் பெட்டியிடமிருந்து எப்படி எடுப்பது? பள்ளித் திட்டப்பணி ஒன்றுக்காக வாங்கிய ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிலும் லினக்ஸ்தான். எந்த எஸ்எம்பி பதிப்பில் பேச வேண்டும் என்று லினக்சுக்கு நாம் கட்டளையிட முடியும். பெட்டியோடு மட்டும் பழைய பதிப்பில் பேசும்படி பையிடம் சொன்னேன். அது இணங்கியது. தாத்தாவின் கோப்புறை திரையில் விரிந்தபோது அப்பா எனக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

புதிதாக வாங்கிய வெளி வன்தட்டுக்கு முதலில் அந்த நான்கு காணொளிகள், பிறகு படங்கள், அதன்பின் மற்றவை. மொத்தம் 860 கிகாபைட். விநாடிக்குச் சுமார் 20 மெகாபைட் வேகத்தில் 12 மணி நேரம் ஆனது. இரவு முழுவதும் மின்விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மூலக் கோப்புகளையும் பிரதிகளையும் நிரல் கொண்டு ஒப்பிட்டபோது மூன்று கோப்புகள் மட்டுமே தேறவில்லை. மூன்றும் அப்பா பதிவிறக்கிய பழைய வருமானவரிப் படிவங்கள். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

உண்மையில் இங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெட்டியைப் பைக்குப் பின்னால் நிரந்தரமாக ஒளித்துவைத்து, பெட்டியோடு பழைய வழக்கிலும் வீட்டுக் கணினிகளோடு புதிய வழக்கிலும் பையைப் பேசவைத்தால் போதும். பெட்டியின் ஃபர்ம்வேரைத் தொடவே வேண்டாம். ஒரு மாலைப்பொழுது வேலை. யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் நான் நிறுத்தவில்லை. 12 ஆண்டுகள் எங்கள் வீட்டில் மின்சாரம் குடித்த பெட்டி எனக்குச் சொல் கேட்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் காரணம்.

மூன்று மெகாபைட்

நிறுவனம் கைவிட்ட சாதனத்துக்கு வேறொருவர் எப்படி ஃபர்ம்வேர் எழுத முடிகிறது? இதற்குப் பின்னால் ஓர் உரிமம் இருக்கிறது. லினக்ஸ், சாம்பா போன்றவை ‘ஜிபிஎல்’ உரிமத்தின்கீழ் வருகின்றன. அவற்றைத் தன் சாதனத்தில் வைத்து விற்கும் நிறுவனம், மாற்றங்கள் செய்திருந்தால் அந்த மாற்றங்களோடு சேர்த்து, மூலநிரலை வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். 2003ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் ‘டபிள்யூஆர்டி54ஜி’ ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்ப, நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து மறு ஆண்டு முளைத்ததுதான் ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ திட்டம். அந்தப் பெயரிலேயே பழைய ரௌட்டரின் பெயர் இருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் லிங்க்சிசின் ‘என்எஸ்எல்யூ2’ என்ற குட்டி நாஸ் சாதனத்துக்கும் ஆர்வலர்கள் மாற்று ஃபர்ம்வேர் எழுதினார்கள். 32 மெகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட அந்தச் சாதனத்தில் முழு டெபியன் லினக்சையே ஓடவிட்டார்கள்.

எங்கள் பெட்டியில் இருப்பது மார்வெல் நிறுவனத்தின் கிர்க்வுட் வகைச் சில்லு. பல நிறுவனங்களின் பெட்டிகளிலும் பயன்படுத்தப்பட்ட சில்லு என்பதால் ஓப்பன்டபிள்யூஆர்டி அதை ஆதரிக்கிறது. இரண்டு வன்தட்டுகளையும் கழற்றி வெளியே வைத்தேன். பழைய ஃபர்ம்வேரை அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுத்துக்கொண்டேன். புதியதை எழுதினேன். மறுபடி முடுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு ஒரே சீராக மின்னிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் காத்திருந்தும் அதேதான். இப்படி ஆன சாதனத்தைச் ‘செங்கல்’ என்பார்கள். கதவு திறந்துவைக்கத்தான் பயன்படும். “நான் அப்பவே சொன்னேன்” என்று அப்பா சொல்லவில்லை. அவர் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

மறுநாள் சிம் லிம் டவருக்குப் போனேன். பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் அல்ல, மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் பழைய கட்டடம். கணினியின் யுஎஸ்பி வழியாகச் சாதனத்தின் மின்சுற்றோடு நேரடியாகப் பேசும் கம்பி ஒன்று சில வெள்ளிக்குக் கிடைத்தது. 3.3 வோல்ட் வகைதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். 5 வோல்ட் கம்பியை மாட்டினால் சில்லு கருகிவிடலாம்.

பெட்டியின் மின்சுற்றுப் பலகையில் நான்கு ஊசிகள் இருந்தன. தரை, அனுப்புதல், பெறுதல் ஆகிய மூன்றை மட்டும் இணைத்து, மின்சார ஊசியைத் தொடாமல் விட்டேன். பெட்டியை முடுக்கியதும் மடிக்கணினித் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. 12 ஆண்டுகளில் முதன்முறையாகப் பெட்டி என்னோடு நேராகப் பேசியது. அது சொன்ன கடைசி வரி: தரவின் சரிபார்ப்புத் தொகை தவறு.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் பிடித்தன. சாதனம் விழித்ததும் முதலில் ஓடுவது ‘யு-பூட்’ என்ற சிறு நிரல். சில்லிலிருந்து லினக்சின் கருவை எடுத்து நினைவகத்தில் வைப்பது அதன் வேலை. எங்கள் பெட்டியின் யு-பூட்டுக்கு 2012ல் கொடுக்கப்பட்ட கட்டளை: மூன்று மெகாபைட் மட்டும் படி. அன்றைய கரு அதற்குள் அடங்கியது. புதிய கரு அதைவிடப் பெரியது. யு-பூட் மூன்று மெகாபைட்டோடு படிப்பதை நிறுத்திவிட, வால் அறுந்த கரு கணக்கில் தேறவில்லை. மூன்று என்றிருந்த இடத்தை ஐந்து என்று மாற்றிச் சேமித்தேன். பெட்டி எழுந்து உட்கார்ந்தது.

எழுந்தது, ஆனால் மௌனமாக இருந்தது. அந்த அமைதியை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, உள்ளே இருக்கும் விசிறி சுற்றவே இல்லை! விசிறியை எப்போது சுற்ற வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டிருந்தது நிறுவனத்தின் பழைய நிரல். அதைத்தான் நான் அழித்துவிட்டேனே. புதிய வன்தட்டின் வெப்பம் 52 டிகிரியைத் தொட்டிருந்தது. வெப்பநிலையைப் பார்த்து விசிறியை இயக்கும் பத்து வரி நிரல் ஒன்றை எழுதிய பிறகுதான் அன்று தூங்கினேன். ஃபர்ம்வேரை மாற்றுபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. பழைய நிரல் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள், அது போன பிறகுதான் தெரியவரும்.

பெட்டி வாங்கும்போது

ஆகமொத்தம் நான்கு மாலைகளும் ஒரு பகலும் செலவாயின. புதிய நாஸ் ஒன்றை வாங்கியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆனால் புதிய பெட்டியின் ஆதரவுக்காலம் எத்தனை ஆண்டு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அட்டைப்பெட்டியிலும் போட்டிருக்கவில்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்புக்கு வந்த சட்டப்படி, இணையத்தோடு இணையும் பொருள்களை விற்பவர்கள் பாதுகாப்பு மேம்பாடுகள் குறைந்தது எந்தத் தேதிவரை வரும் என்பதைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020ல் தொடங்கிய முத்திரைத் திட்டத்தில் சாதனங்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை தரநிலை தரப்படுகிறது. தயாரிப்பாளர் பாதுகாப்பு மேம்பாடுகளை வழங்கும் காலம்வரை, அதிகபட்சம் மூன்றாண்டுகளுக்கு, அந்த முத்திரை செல்லும். வைஃபை ரௌட்டர்களுக்கு அது கட்டாயம். நாஸ் பெட்டிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. குடும்பத்தின் நினைவுகள் ரௌட்டரிலா இருக்கின்றன?

தாத்தாவின் படம் திதிக்கு முந்திய நாள் சட்டமிடப்பட்டு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு காணொளியைப் போட்டோம். கப்பலில் ஏறிய மூன்றாம் நாள் அவருக்கு வாந்தி வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. காணொளிகள் இப்போது பெட்டியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, பினாங்கில் அத்தை வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகளாக இருக்கின்றன. பழைய வன்தட்டு உறையில் சுற்றி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வன்தட்டு பழுதானால் இனி எங்கள் நால்வரின் திறன்பேசிக்கும் செய்தி வரும்படி செய்துவிட்டேன். இருந்தாலும், விளக்கின்மேல் இருந்த டேப்பைப் பிய்த்துவிட்டு, ஆரஞ்சு நிறம் வந்தால் உடனே சொல்லுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

“சொல்றேம்மா,” என்றார் அம்மா. “நாடகம் முடிஞ்சதும் சொல்றேன்.”